கணினி கொள்வோர் அறியற்பாலன

கல்விக்குரிய கருவிகள் காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளன. ஏடும் எழுத்தாணியும் ஒரு காலத்திற் போதியனவாயிருந்தன. பின்னர்ச் சிலேட்டும் பென்சிலும் வந்தன. அவற்றின்பின் அச்சிட்ட புத்தகமும் மைக்கூடும் வந்தன. இக்கருவிகள் யாவற்றிற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றைத் தெரிந்து வாங்குதற்குத் தனியான அறிவு வேண்டப்படவில்லை. எழுத்தாணியின் கூர்மையைக் கண்ணாற் காணலாம்; தாளின் தரத்தை விரலால் தடவி அறியலாம். இற்றை நாளில் மாணவன் கைக்கு வந்திருக்கும் கணினியோ அத்தகையதன்று. அதன் குணமும் குற்றமும் மூடிய உறையினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. புறத்தே தோன்றுவன பளபளப்பும் சில ஒட்டுத்தாள்களும் மாத்திரமே. ஆதலின், கண்டு கொள்ளல் என்னும் பழைய முறை இங்கே பயன்படாது. அறிந்து கொள்ளல் வேண்டும்.

நம்மவருட் பெரும்பாலோர்க்குக் கணினி வாங்குதல் அன்றாடச் செலவன்று. வீட்டிற்கு அடுத்தபடியாக அன்றி மோட்டார்ச் சைக்கிளுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு அதுவேயாதலும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் மதிப்பு, அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. பிறநாட்டிலிருந்து வரும் பொருளாகிய கணினியின் விலையும் அதனோடு உயர்ந்தது. சீட்டுப் பணத்தைத் திரட்டியும், தவணை முறையிற் கடன்பட்டும், சிலபோது தாயின் காப்பை அடகு வைத்தும் பிள்ளைக்குக் கணினி வாங்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அவ்வாறு தேடிய பணம் உதவாத யந்திரமொன்றிற் போய் விழுமாயின், இழப்பது பணம் மாத்திரமன்று. மாணவனின் படிப்புக் காலமும் உடன் இழக்கப்படுகின்றது. இதனை மனத்திற் கொண்டே, கணினி வாங்கப் புகுவோர் அறியவேண்டியவற்றை இக்கட்டுரை ஒருவாறு வகுத்துக் கூற முயல்கின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கணிக்கும் உறுப்பு முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் பெயரோடு 1971 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனுள் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்ரர்கள் இருந்தன. அதன் வழிவந்த சில்லுகளாலேயே தனியொருவர் தம் மேசைமேல் வைத்து ஆளத்தக்க கணினி இயலுவதாயிற்று. 1977 இல் அப்பிள் நிறுவனத்தின் இரண்டாங் கணினி முதலியன சந்தைக்கு வந்தன. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12 ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் தொடக்க விலை 1,565 அமெரிக்க டொலர். அவ்விலைக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைற்று. இன்று சாதாரணமானதென எண்ணப்படும் 8 கிகாபைற்று நினைவகம் அதனினும் ஐந்து இலட்சம் மடங்குக்கு மேற் பெரியது.

இவ்வரலாற்றில் வாங்குவோர் கருதற்பாலது ஒன்றுண்டு. ஐ.பி.எம். தன் கணினிக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. முறைவழியாக்கியை இன்ரெல் நிறுவனத்திடமும், பணிசெயல் முறைமையை மைக்குறோசொவ்ற் நிறுவனத்திடமும் பெற்றது. அதனால், அதே உறுப்புகளை வாங்கி அதனை ஒத்த கணினிகளைச் செய்தல் பிறர்க்கும் எளிதாயிற்று. இன்று நாம் கடையிற் காணும் பெரும்பாலான கணினிகள் அம்மரபில் வந்தனவே. உறையின்மேற் பொறித்த பெயர் ஒருவருடையது. உள்ளேயுள்ள உறுப்புகள் வேறு பலருடையன. ஒரே நிறுவனம் ஒரே பெயரின்கீழ் மிகச் சிறந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விற்றல் கூடும். ஆகவே, "எந்தக் கம்பனியின் கணினி நல்லது?" என்னும் வினா அரைவினாவேயாகும். "அதனுள் என்ன இருக்கின்றது?" என்பதே முழுவினா.

பயன் முதலாவது

உறுப்புகளை ஆராயுமுன், கணினி யாது கருதி வாங்கப்படுகின்றது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். கட்டுரை எழுதல், நூல்களைத் திரையிற் படித்தல், இணையவழி வகுப்பிற் சேர்தல், கணக்கியல் அட்டவணை அமைத்தல் என்பன ஒரு வகுப்பைச் சார்ந்தன. க.பொ.த. உயர்தர வகுப்பிற் கலை, வர்த்தகப் பிரிவு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வேண்டுவன பெரும்பாலும் இவையே. இவற்றிற்கு மிகுந்த வலுவுடைய யந்திரம் வேண்டியதில்லை. நிரலாக்கம் பயிலும் மாணவர்க்குச் சற்றுக் கூடிய நினைவகம் வேண்டும். கட்டடப்பட வரைவு, எந்திரவியல் வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு ஆகியவற்றைச் செய்வோர்க்கு வலிய முறைவழியாக்கியோடு தனியான வரைவியற் சில்லும் வேண்டப்படும். இம்மூன்றனுள் தம் தேவை எதுவெனத் துணியாது கடைக்குச் செல்வோர், தமக்கு வேண்டியதை வாங்காது கடைக்காரர் விற்க விரும்புவதை வாங்கி வருவர்.

தேவையை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. தாம் செய்யப்போகும் வேலைகளையும், அவற்றிற்குப் பயன்படும் மென்பொருள்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொரு மென்பொருளையும் ஆக்கியோர் அதனை இயக்கப் போதிய முறைவழியாக்கி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றின் அளவைத் தாமே வெளியிட்டிருப்பர். அவற்றுட் பெரியதனை எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலாகத் தெரிவு செய்தல் போதும். பல்கலைக்கழகம் புகவிருப்போர் தாம் பயிலவுள்ள துறையில் மூத்த மாணவர் எதனைப் பயன்படுத்துகின்றனர் என வினாவியறிதலும் நன்று.

உறுப்புகளின் தொழில்

கணினியின் தலையாய உறுப்புகள் மூன்று. அவற்றின் தொழிலை ஓர் ஆசிரியரின் அறையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். அறையிலிருந்து வேலை செய்யும் ஆசிரியரைப் போன்றது முறைவழியாக்கி; இதனைக் கடைகளிற் புரொசசர் என்பர். அவர் முன்னாலுள்ள மேசையைப் போன்றது நினைவகம். இது றாம் என வழங்கும். அறையின் மூலையிலுள்ள அலுமாரியைப் போன்றது சேமிப்பகம். ஆசிரியர் எத்துணை விரைவாக எழுத வல்லவராயினும், மேசை சிறிதாயின் ஒரு புத்தகத்தை விரிக்க மற்றொன்றை எடுத்து வைத்துவிட நேரும். அலுமாரி தொலைவிலிருப்பின் எழுந்து சென்று வருவதிலேயே பொழுது கழியும். கணினியும் அவ்வாறே. மூன்று உறுப்புகளும் ஒன்றற்கொன்று ஒத்திருத்தல் வேண்டும். ஒன்றற்கு மிகுந்த பணத்தைச் செலவிட்டு ஏனையவற்றிற் குறைத்தல் பயனில் செயலாகும்.

முறைவழியாக்கி: பலரும் ஏமாறுவது இங்கேதான். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார், மகன் பல்கலைக்கழகம் புகுந்த மகிழ்ச்சியில் நகரிலுள்ள கடையொன்றிற்குச் சென்று, "ஐ7 கணினி வேண்டும்" எனக் கேட்டு ஒரு மடிக்கணினியை வாங்கி வந்தார். ஐ3, ஐ5, ஐ7 என்னும் வரிசையில் ஏழே மேலானது என யாரோ அவருக்குக் கூறியிருந்தனர். கடைக்காரர் கொடுத்ததும் ஐ7 தான். ஆயின் அது ஐ7-4600யூ என்னும் வகையினது. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சில்லில் இருந்த கருக்கள் இரண்டே. 2022 இல் வெளிவந்த ஐ3-1215யூ என்னும் சில்லில் ஆறு கருக்கள் உள. பெயரளவில் தாழ்ந்த இவ் ஐ3 எல்லா வகையிலும் அவ் ஐ7 இனை வெல்லும். கடைக்காரர் பொய் யாதும் உரைத்திலர். வாங்கியவர்க்கு வினாவும் முறை தெரிந்திருக்கவில்லை, அவ்வளவே. மூன்று மாதத்தின்பின் அம்மாணவன் நண்பனொருவனின் கணினியை இரவல் வாங்கித் தன் செய்முறைகளைச் செய்துகொண்டிருந்தான். தந்தையாரோ கடனின் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனவே, ஐ5, ஐ7 என்பவற்றின் பின்னால் வரும் எண்ணை நோக்கல் வேண்டும். இன்ரெல் சில்லுகளில் அவ்வெண்ணின் தொடக்கம் தலைமுறையைக் குறிக்கும். 4600 என்பது நாலாந் தலைமுறை. 8250 என்பது எட்டாந் தலைமுறை. எண் 1 என்னும் இலக்கத்தில் தொடங்கின் முதலிரண்டு இலக்கங்களையும் சேர்த்து நோக்கல் வேண்டும். 1215 என்பது பன்னிரண்டாந் தலைமுறை. 2023 ஆம் ஆண்டின் இறுதி முதல் இந்நிறுவனம் கோர் அல்ட்ரா முதலிய புதுப்பெயர்களையும் வழங்கி வருகின்றது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் சில்லுகளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. மடிக்கணினிகளுக்கென வந்த 7000 வரிசையில் முதலிலக்கம் வெளியீட்டு ஆண்டையே சுட்டும்; உள்ளமைப்பு எத்துணைப் புதியது என்பதை மூன்றாம் இலக்கம் காட்டும். றைசன் 5 7520யூ என்பது புதியதுபோல் தோன்றினும், அதன் உள்ளமைப்பு 2019 இல் முதன்முதல் வெளிவந்த அமைப்பேயாகும். எண்ணின் இறுதியிலுள்ள எழுத்தும் கருதற்பாலது. யூ என முடிவது குறைந்த மின்னில் இயங்குவது. எச் என முடிவது வலியது, ஆயின் வெப்பமும் மின்செலவும் மிகுந்தது.

நினைவகம்: எழுத்து வேலைக்கும் இணையத்திற்கும் 8 கிகாபைற்று இன்று குறைந்த எல்லை எனக் கொள்ளலாம். பல ஆண்டுகள் பயன்படுத்தக் கருதுவோர்க்கு 16 கிகாபைற்று தகும். 4 கிகாபைற்றோடு விற்கப்படும் புதிய கணினியை, விலை எத்துணை மலிவாயினும், ஒதுக்கிவிடுதல் நன்று. இங்கே ஒரு வினாவை மறவாது கேட்டல் வேண்டும்: நினைவகம் பின்னர்க் கூட்டக்கூடியதா? சில மடிக்கணினிகளில் அது தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் வாங்கும்போது இருந்த அளவே இறுதிவரை இருக்கும். மேலதிக பொருத்துமிடம் உள்ள கணினியாயின், இன்று 8 இனை வாங்கிப் பணம் வந்தபின் 16 ஆக்கிக்கொள்ளலாம்.

சேமிப்பகம்: சுழலும் தட்டில் தரவைப் பதியும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்ட அவ்வியந்திரம் ஐம்பது இலட்சம் எழுத்துகளை ஏற்றது. அதன் வழித்தோன்றலே இன்றைய வன்தட்டு. அது நிமிடத்திற்கு 5,400 முறை அல்லது 7,200 முறை சுழலுகின்றது. வேண்டிய இடம் ஊசியின்கீழ் வந்து சேர ஒரு செக்கனின் நூறிலொரு பங்களவு காலம் செல்லும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் கணினி தொடங்கும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு இல்லை. ஒரு செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரத்தில் அது விடையளிக்கும். பழைய கணினியொன்றின் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. யைப் பொருத்தினோர், அது புதியதாய்விட்டதென வியப்பது இதனாலேயே. ஆகவே 1 ரெறாபைற்று வன்தட்டினும் 256 கிகாபைற்று எஸ்.எஸ்.டி. மாணவர்க்குப் பயன் மிக்கது. 512 இயலுமாயின் அதனை விரும்புக. மிக மலிந்த கணினிகளில் ஈ.எம்.எம்.சி. என்னும் வேறொரு வகை இருக்கும். அது விரைவிற் குறைந்தது, பெரும்பாலும் மாற்றவும் இயலாதது.

இங்கே ஐயமொன்றை நீக்குதல் தகும். 512 கிகாபைற்று என வாங்கிய சேமிப்பகம் திரையில் ஏறத்தாழ 477 எனத் தோன்றக்கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் எனச் சிலர் சினப்பர். உண்மை அதுவன்று. செய்வோர் நூறு கோடி பைற்றை ஒரு கிகாபைற்று எனக் கொள்வர். விண்டோஸ் முறைமையோ 1,024 இனை மும்முறை பெருக்க வரும் 107,37,41,824 பைற்றையே ஓர் அலகாகக் கொள்ளும். அளவுகோல் வேறுபடுவதால் எண் வேறுபடுகின்றது, பொருள் குறைந்ததில்லை.

திரை: மணிக்கணக்காக உற்றுநோக்கப்படுவது இவ்வுறுப்பே. ஆயினும் விலையைக் குறைப்போர் முதலிற் குறைப்பதும் இதனையே. 1366க்கு 768 என்னும் புள்ளியளவுடைய திரையில் ஏறத்தாழப் பத்தரை இலட்சம் புள்ளிகள் உள. 1920க்கு 1080 என்பதில் இருபது இலட்சத்துக்கு மேல் உள. வளைவும் சுழியும் புள்ளியும் நிறைந்த நம் தமிழெழுத்துச் சிறிய அளவில் தெளிவாகத் தோன்றப் பின்னையதே தகும். ஒளி பட்டுப் பளபளக்கும் திரையினும் மங்கிய மேற்பரப்புடைய திரை கண்ணுக்கு இதமானது. பக்கத்திலிருந்து நோக்கும்போது நிறம் திரிந்து தோன்றுமாயின் அத்திரையைத் தவிர்த்தல் நன்று.

தமிழில் எழுதுதல்

கணினியில் தமிழ் எழுதத் தனியான கருவியோ விலைகொடுத்து வாங்கும் மென்பொருளோ வேண்டுமெனச் சிலர் இன்னும் கருதுகின்றனர். 1991 இல் வெளிவந்த யுனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. இன்று விற்கப்படும் கணினி எதுவாயினும் அதிற் தமிழைப் படிக்கலாம், எழுதலாம். இலங்கையில் நியமமாக ஏற்கப்பட்டது ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பாகும். முன்னாளில் நாம் பாமினி முதலிய எழுத்துருக்களிற் தட்டெழுதியவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆதலின், புதிய கணினி வாங்கும் ஆசிரியர்கள் அன்றுதொட்டே யுனிக்கோட் முறையில் எழுதப் பழகுதலும், பழைய பாடக்குறிப்புகளைப் படிப்படியாக அம்முறைக்கு மாற்றி வைத்தலும் வேண்டும்.

மேசைக்கணினியும் மடிக்கணினியும்

ஒரே விலைக்கு மேசைக்கணினி கூடிய வலுவைத் தரும். அதன் உறுப்புகளைத் தனித்தனியே மாற்றலாம். பழுது பார்த்தலும் எளிது. கண்ணின் நேரே திரை நிற்பதால் கழுத்து நோவும் குறையும். மடிக்கணினி இடம் பெயர்க்கத்தக்கது. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்க்கு வேறு வழியில்லை. இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிதற்கு நம் நாட்டில் மின்சாரத்தையும் கருதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமையை நாம் மறந்திலேம். மின்னற்றபோது மேசைக்கணினி அக்கணமே நின்றுவிடும். சேமியாத எழுத்தும் போய்விடும். அதனை வாங்குவோர் யூ.பி.எஸ். எனப்படும் மின்தாங்கியையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். 650 வோல்ற்று-அம்பியர் எனக் குறித்ததை 650 உவாற்று எனக் கொள்ளற்க. சாதாரணமாக அதன் அறுபது விழுக்காடளவே உவாற்றாகக் கிடைக்கும். எழுதியதைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தருவதே அதன் பணி. இரவு முழுவதும் வேலை செய்தற்கு உதவுவதன்று.

மின்செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். திரையோடு சேர்த்து 100 உவாற்று நுகரும் மேசைக்கணினியை நாளுக்கு ஐந்து மணி நேரம் பயன்படுத்தின் மாதத்திற்கு 15 அலகு செல்லும். 30 உவாற்று நுகரும் மடிக்கணினிக்கு நாலரை அலகே செல்லும். மடிக்கணினியின் மின்கலம் எத்துணை நேரம் நிற்கும் என்பதையும் விளம்பரத்தை நம்பாது கணித்துக்கொள்ளலாம். மின்கலத்தின் அளவு 45 உவாற்று-மணி, கணினி நுகர்வது 9 உவாற்று எனின் ஐந்து மணி நேரம் நிற்கும். திரையின் ஒளியைக் கூட்டிக் காணொளி வகுப்பிற் சேரின் அந்நேரம் குறையும். மின்கலம் ஆண்டுதோறும் வலுக்குறைவதாதலால், இரண்டு மூன்று ஆண்டின்பின் அதே வகை மின்கலம் இங்கே கிடைக்குமா என முன்னரே விசாரித்துக்கொள்ளல் அறிவுடைமை.

பழையதும் பிறநாட்டிலிருந்து வருவதும்

பிறநாட்டு அலுவலகங்கள் கழித்த கணினிகள் துப்புரவு செய்யப்பட்டு இங்கே மலிவாக விற்கப்படுகின்றன. அவற்றை முற்றாக இகழ்தல் கூடாது. அலுவலகத்துக்கென உறுதியாகச் செய்யப்பட்ட பழைய கணினி, விளையாட்டுப் பொருள்போற் செய்யப்பட்ட மலிந்த புதிய கணினியினும் நெடுநாள் உழைத்தலும் உண்டு. ஆயின் ஓர் எல்லையை நோக்கல் வேண்டும். விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆந் திகதியோடு முடிவுற்றது. அதனையடுத்த விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புறுப்பையும், இன்ரெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சில்லையும் வேண்டி நிற்கின்றது. எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட கணினியை வாங்குவோர், அதில் இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு முதலிய லினக்ஸ் முறைமைகளைப் பயன்படுத்த ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அது தாழ்ந்த வழியன்று. கணினியியல் பயில்வோர்க்குச் சிறந்த பயிற்சியுமாகும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் கணினி கொண்டு வருதலும் நம்மிடையே பெருவழக்கு. மடிக்கணினியின் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற்று எனப் பொறித்திருப்பின், நம் நாட்டின் 230 வோல்ற்றில் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வரும் பழைய மேசைக்கணினிகளின் பின்புறத்திற் சிலவற்றில் 115, 230 எனக் குறித்த சிறு ஆளி இருக்கும். அதனை 230க்கு மாற்றாது மின்னிணைத்தால் மின்வழங்கி அக்கணமே எரிந்துவிடும். உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மாத்திரம் செல்லுமா, இங்கும் செல்லுமா என்பதையும் வினாவியறிதல் வேண்டும்.

கடையிற் செய்யவேண்டியவை

மேற்கூறியவற்றைத் தெளிந்தபின் கடைக்குச் செல்லலாம். ஒரு கடையோடு நில்லாது இரண்டு மூன்று கடைகளில் விலையை எழுத்திற் பெறுக. எழுதித் தரும்படி கேட்கவேண்டியவை இவை: கணினியின் முழு வகைப்பெயர், முறைவழியாக்கியின் முழு எண், நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் வகையும் அளவும், திரையின் புள்ளியளவு, பணிசெயல் முறைமை உரிமத்தோடு கூடியதா என்பது, உத்தரவாதத்தின் காலம். இவற்றை எழுதித்தரத் தயங்கும் கடையை விட்டு நீங்குதல் நன்று. விலைப்பட்டியலிற் கணினியின் தொடரிலக்கம் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். உத்தரவாதம் மின்கலத்துக்கும் சார்ஜருக்கும் எத்துணைக் காலம் என்பதைத் தனியே கேட்க. பெரும்பாலும் அது குறுகியது. பற்றுச்சீட்டைப் பேணி வைத்திருப்போர்க்கே, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி முறையிடுதலும் எளிதாகும்.

பணம் கொடுக்குமுன் கணினியை இயக்கிப் பார்த்தல் வேண்டும். எழுதித் தந்த அளவுகளும் திரையிற் காட்டும் அளவுகளும் ஒத்திருக்கின்றனவா என நோக்குக. வெண்ணிறத் திரையொன்றைத் திறந்து கரும்புள்ளி உண்டோ எனக் காண்க. எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்துக. ஒலி, கமரா, இணைய இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க. உரிமமற்ற மென்பொருள்களை "இலவசமாக" நிறுவித்தருவதாகக் கூறின் ஏற்கற்க. பூட்டுடைத்த மென்பொருளோடு கள்ள நிரல்களும் உட்புகுதல் பெருவழக்கு. எழுத்து வேலைக்கும் அட்டவணைக்கும் லிப்ரே ஒபிஸ் முதலியன உண்மையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன.

படி எடுத்து வைத்தல்

இறுதியாக ஒன்று கூறி அமைவேன். கணினிக்கென ஒதுக்கிய பணம் முழுவதையும் கணினிக்கே செலவிடலாகாது. அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வெளியிணைப்பு வன்தட்டு ஒன்றை வாங்குதல் வேண்டும். கணினி பழுதாயின் பணத்தாற் புதியது வாங்கலாம்; அதனுள்ளிருந்த ஆய்வேட்டையும், பாடக்குறிப்பையும், குடும்பப் படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. முக்கியமானவற்றிற்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது துறைபோயோர் கண்ட முறை.

இவ்வுண்மையை நமக்கு எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐ.பி.எம். தன் கணினியை வெளியிட்ட அதே 1981 ஆம் ஆண்டில், மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றிற்கு வேறு படிகள் வேறிடங்களில் இருந்தன. தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே படியாய் இருந்த ஏட்டுச்சுவடிகளோ மீளவில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இணையத்திற் பேணும் நூலகம் என்னும் முயற்சி 2005 இல் தொடங்கப்பட்டது. அதன் பயனாகப் பழைய கல்லூரி மலர்கள் பலவற்றை இன்று எந்நாட்டிலிருந்தும் படிக்க இயலுகின்றது. வீட்டிலே ஒரு கணினியை வைத்திருப்பவர், தம் அளவில் ஒரு சிறு நூலகத்தை வைத்திருப்பவரேயாவர். அதற்குப் படியெடுத்து வைத்தல் அவர் கடன்.

தேவையை முதலில் துணிக. பெயரை நோக்காது உறுப்பை நோக்குக. கூறியதை எழுத்திற் பெறுக. படி எடுத்து வைக்க ஒரு பங்கை மிச்சப்படுத்துக. இவற்றைக் கடைப்பிடிப்போர் மிக உயர்ந்த கணினியை வாங்குவர் எனக் கூறமாட்டேன். தமக்கு ஏற்ற கணினியை ஏற்ற விலைக்கு வாங்குவர். வகுப்பறையில் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், பெற்றோர் பலரின் உழைப்பு வீணாகாது காத்தவராவர்.